பதினேழு நொடி ஹூட்டர்

மந்தாரக்குப்பத்தில் நான் சாமான் வாங்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையில் "ட்ரிப்பிள் ஃபைவ் நாலு குடுங்க" என்றால் போதும். கடைக்காரர் தலையைத் தூக்காமல் டப்பாவைத் திறந்து பொரிகடலை அள்ளுகிற மாதிரி அள்ளிக் கொடுப்பார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சில்லு. இந்தப் பக்கம் நாலு கால், அந்தப் பக்கம் நாலு கால். நேரத்தை அளந்து கொடுப்பதுதான் அதன் வேலை. ஒரு விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும், ஒரு மணி எத்தனை நொடி அடிக்க வேண்டும், ஒரு மோட்டார் எப்போது கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருஷமாக லேப் இன்ஸ்ட்ரக்டர். மூன்றாம் செமஸ்டரில் இந்தச் சில்லுக்கு இரண்டு பரிசோதனை உண்டு. பட்டனை அமுக்கினால் எல்.இ.டி. எரியும், பத்து நொடியில் அணையும். பிள்ளைகள் போன வருஷத்து ரெக்கார்டைப் பார்த்து விடையை எழுதிவிட்டு, பிறகு கம்பியைச் சொருகுவார்கள். நானும் கண்டும் காணாமல் கையெழுத்துப் போடுவேன். எனக்கே அதன்மேல் பெரிய மரியாதை இருந்ததில்லை. அந்த அலட்சியத்துக்கு ஒருநாள் என் அண்ணனையே பறிகொடுத்திருப்பேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் தொழிலாளி. நானும் அண்ணனும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வந்தோம். எனக்குப் படிப்பு ஏறியது. அண்ணனுக்கு ஏறவில்லை. அவன் அதே மைன்ஸில் கான்ட்ராக்டில் பதினோரு வருஷம் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்திக் கிடக்கிற மண்ணையும் கரியையும் ஷவலால் அள்ளிப் போட்டான். பெல்ட் ஒவ்வொன்றும் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தைத் தாண்டி ஓடும். பதினோரு வருஷத்தில் அவனுடைய வலது முழங்கால் மடங்குவதைக் குறைத்துக்கொண்டது. கான்ட்ராக்ட் கை மாறியபோது அவனும் வெளியே வந்தான். கம்மாபுரம் போகும் வழியில் இருக்கிற ஒரு சாம்பல் செங்கல் யூனிட்டில் சேர்ந்தான்.

அங்கே வட்டமாக, பெரிய அண்டா போல ஒரு மிக்சர். சாம்பலும் சிமெண்டும் தண்ணீரும் அதில் கலக்கும். அடியில் இரும்புப் பிளேடுகள் சுழலும். மத்தியானம் வேலை நின்றதும் யாராவது ஒருவர் வெளிப்பக்கம் ஏணி சாய்த்து ஏறி, உள்ளே இறங்கி, பிளேடில் ஒட்டி இறுகிப்போனதைச் சுரண்டி அள்ள வேண்டும். அந்த யாராவது எப்போதும் என் அண்ணன்தான். மிக்சரை ஓட்டுகிற பட்டன், கல் அடுக்கியிருக்கும் வரிசைக்கு இந்தப் பக்கம். பட்டனருகே நிற்பவருக்கு மிக்சரின் விளிம்பு மட்டும்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அண்ணன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். ஹூட்டர் இல்லாத மெஷினை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று. மைன்ஸில் பெல்ட் கிளம்புவதற்கு முன்னால் சங்கு மாதிரி ஹூட்டர் அடிக்கும், ஆட்கள் விலகுவார்கள், அதன் பிறகே பெல்ட் நகரும். அண்ணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லித் தருகிறாயே, இவருக்கு ஒன்று செய்து கொடுக்கக் கூடாதா என்று கேட்டாள். கேட்டவளின் கண் கலங்கியிருந்தது. இது ஒரு மணி நேர வேலை என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

வேலை அப்படித்தான் இருந்தது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் சில்லு விழித்துக்கொண்டு ஹூட்டரை அடிக்கும். நேரம் முடிந்ததும் ஹூட்டரை நிறுத்தும், அது நின்ற பிறகே மோட்டாருக்குக் கரண்டு போகும். எவ்வளவு நேரம் என்பதைச் சில்லுக்கு வெளியே வைக்கிற இரண்டு சாமான்கள் முடிவு செய்யும். ஒன்று ரெசிஸ்டர், இன்னொன்று கெப்பாசிட்டர். குவார்ட்டர்ஸில் நாங்கள் குளியலறையில் வைத்திருந்த நீல பேரல்தான் கெப்பாசிட்டர். அதில் கரண்டு நிரம்பும். ரெசிஸ்டர் என்பது குழாயை எவ்வளவு திறந்து வைத்திருக்கிறோம் என்பது. குழாயை இறுக்கினால் மெல்ல நிரம்பும், பெரிய பேரல் என்றாலும் மெல்ல நிரம்பும். சில்லு பேரலையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய கணத்தில் "போதும்" என்று ஹூட்டரை நிறுத்தி, பேரலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அடுத்த தடவைக்குத் தயாராகிவிடும்.

நேரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கி, வந்ததோடு அதில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் நொடி. நூறு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொண்ணூற்றோரு கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டால் பத்து நொடி. ஏன் பத்து என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. லேப் மேனுவலில் பத்து. கணக்கும் முழுசாக வரும். ஒரு ஆள் மிக்சரிலிருந்து ஏறி வர எத்தனை நொடி ஆகும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்த ஆளின் முழங்காலுக்கு நானே எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். அப்படியும் தோன்றவில்லை.

செய்யும்போது இன்னொரு கூத்து நடந்தது. அவசரத்தில் புதுக் கெப்பாசிட்டரைத் திருப்பிப் போட்டுவிட்டேன். கரண்டு கொடுத்ததும் "பட்" என்று வெடித்தது. எந்தக் காலில் பிளஸ், எந்தக் காலில் மைனஸ் என்று பதினெட்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். வெட்கமாக இருந்தது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, பரணில் கிடந்த பழைய டி.வி.யின் போர்டிலிருந்து அதே நூறு மைக்ரோஃபாரட் ஒன்றைப் பிடுங்கி வைத்தேன். சாம்பல் புகாமலிருக்க எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் அடைத்து, யூனிட்டில் கொண்டுபோய் மாட்டினேன்.

ஹூட்டர் அடித்தது. பத்து நொடியில் நிற்கவில்லை. பதினேழு. மறுபடி பார்த்தேன், மறுபடியும் பதினேழு. கல் அடிக்கிற பிரஸ் ஓடும்போது அங்கே கரண்டு இறங்கி, பல்பு மங்கும். அப்போதும் பதினேழுதான். இந்தச் சில்லின் குணம் அது. உள்ளே ஒரே அளவில் மூன்று ரெசிஸ்டர்கள் வரிசையாக இருந்து, வருகிற கரண்டை மூன்று பங்காக்கும். கரண்டு இறங்கினால் பேரல் நிரம்புகிற வேகமும் இறங்கும், மூன்றில் இரண்டு என்கிற கோடும் கூடவே இறங்கிவிடும். அதனால் நேரம் மாறாது. இதை யோசித்த மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் அன்று எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது. பழைய கெப்பாசிட்டர் கசிகிறது என்று புரிந்துவிட்டது. பேரலின் அடியில் ஓட்டை. ஒரு பக்கம் நிரம்ப, இன்னொரு பக்கம் ஒழுகுகிறது. அதனால்தான் பத்தில் முடிய வேண்டியது பதினேழுக்கு இழுக்கிறது. ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் பேரல் அந்தக் கோட்டைத் தொடவே தொடாது, ஹூட்டரும் நிற்காது.

யூனிட் முதலாளி கம்மாபுரம் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷன், பொறுமை மட்டும் கிடையாது. "என்னாம்மா, கல்யாண வூட்டு ரேடியோ மாரி கத்திகினே கீது. கொஞ்சம் சுருக்கிக் குடுங்க" என்றார். லேப் இன்ஸ்ட்ரக்டர் செய்த சாமான் ஏழு நொடி தப்பு என்பது எனக்கும் மானப் பிரச்சினை. சனிக்கிழமை புதுக் கெப்பாசிட்டரோடு வந்து சரியாகப் பத்து நொடிக்கு வைத்துத் தருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலேஜ் அரை நாள். கைப்பையில் புதுக் கெப்பாசிட்டரோடு நேராக யூனிட்டுக்குப் போனேன். மத்தியானம், வேலை நின்றிருந்தது. ஆட்கள் டீ குடிக்க ரோட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணனும் அவர்களோடு போயிருப்பான் என்று முதலாளி சொன்னார், நானும் நம்பிவிட்டேன். மாற்றுவதற்கு முன்னால் பழைய நேரத்தை ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. லேப் புத்தி. போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துகொண்டு, "ஒரு தடவை போடுங்க சார், டைம் பாத்துக்கறேன்" என்றேன். நான் சொல்லித்தான் அவர் பட்டனை அமுக்கினார்.

ஹூட்டர் அடித்தது. என் கண் போனில் இருந்தது. ஐந்து, ஆறு. பத்து வந்தது, தாண்டியது. இன்னும் கத்துகிறதே சனியன் என்று மனசுக்குள் அந்தக் கெப்பாசிட்டரைத் திட்டிக்கொண்டே நிமிர்ந்தேன். பதிமூன்றில், கல் வரிசைக்கு மேலே, மிக்சர் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. சாம்பல் பூசிய கை. அதன் பின்னால் என் அண்ணனின் தலை.

ஸ்டாப் பட்டன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அமுக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கை அசையவில்லை, அவ்வளவுதான். முதலாளி ஹூட்டர் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அண்ணன் அவசரமே படவில்லை. இடது காலை விளிம்புக்கு வெளியே போட்டான். வலது காலை, எப்போதும் செய்வதுபோல, இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கி இந்தப் பக்கம் எடுத்துவைத்தான். ஏணியில் ஒரு படி இறங்கினான். பதினேழு. ஹூட்டர் நின்றது. மோட்டார் கிளம்பியது. அவன் உள்ளே விட்டு வந்த ஷவலைப் பிளேடு இழுத்து அண்டாவின் பக்கத்தில் அறைந்த சத்தம், ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டதாம்.

முதலாளி பாய்ந்து நிறுத்தினார். அதன் பிறகுதான் ஏணியில் நின்றவனைப் பார்த்தார். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். ஹூட்டரில் காது அடைத்திருந்ததால் எவ்வளவு சத்தமாக அழுதேன் என்று எனக்குத் தெரியவில்லை. போனில் நொடி ஓடிக்கொண்டே இருந்தது.

அண்ணன் முதலில் சிரித்தான். பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கையிலும் முகத்திலும் ஊற்றிக்கொண்டு வந்து, கல்மேல் உட்கார்ந்தான். ஹூட்டர் கேட்டதும் ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"ஹூட்டர் அடிச்சா இன்னும் ரெண்டு அள்ளு பாக்கி இருக்குன்னு அர்த்தம்" என்றான். "பெல்ட்ல அப்படித்தான். ரெண்டு அள்ளு அள்ளிப் போட்டுட்டு, நிதானமா வெளிய வந்தாலும் ஹூட்டர் அடிச்சிக்கினுதான் இருக்கும்."

"இது பெல்ட் இல்லண்ணா."

"எனக்குத் தெரியுது. காதுக்குத் தெரியலையே."

பெல்ட் நீளமானது, அதன் நெடுக ஆட்கள் இருப்பார்கள், அதனால் அங்கே ஹூட்டரும் நீளம். அந்த நீளம் பதினோரு வருஷமாக இவன் உடம்பில் ஊறிக்கிடக்கிறது. எந்தக் கடிகாரத்தையும் பார்க்காமல், எதையும் எண்ணாமல், இரண்டு அள்ளுக்கு நேரம் இருக்கிறது என்று அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது. பெல்ட்டில் வேலை பார்த்த எவனும் அதே இரண்டு அள்ளை அள்ளியிருப்பான். சாம்பல் செங்கல் யூனிட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பெல்ட்டிலிருந்து வந்தவர்கள்தான். இது எனக்குத் தெரியாத விஷயமா? அப்பாவே வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவே தூரத்து மைன்ஸ் சங்கு கேட்டால், மணியைப் பார்க்காமல் சட்டையை எடுத்து மாட்டுவார்.

அவனிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். "நான் பத்து நொடிக்குத்தான் போட்டேன், அது பதினேழு அடிக்குது. நீ பதிமூணுலதான் தலையைக் காட்டின" என்றேன்.

அவன் விரல் விட்டு எண்ணினான். "அப்போ மீதி ஏழு?"

"கெப்பாசிட்டர் ஓட்டை. அதை மாத்தத்தான் இன்னிக்கி வந்தேன்."

கைப்பையைத் திறந்து புதிசைக் காட்டினேன். அவன் அதை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். அண்ணியிடம் சொல்லாதே என்றான். அன்று சாயங்காலமே நான் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து, மிக்சருக்குள் இறங்குகிறவர் மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று முதலாளியே சட்டம் போட்டார். மைன்ஸில் இதைவிடப் பெரிய கட்டுப்பாடெல்லாம் பார்த்தவன் அண்ணன். இங்கே அதைக் கேட்டு வாங்க அவனுக்கு வாய் வந்ததில்லை.

திங்கட்கிழமை லேபில் மூன்றாம் செமஸ்டர். அதே பரிசோதனை. ஒரு மேசையில் பிள்ளைகள் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே மீட்டர் வைத்திருந்தார்கள். பழைய முள் மீட்டர். பட்டனை அமுக்கினார்கள், எல்.இ.டி. எரிந்தது. முள் பூஜ்யத்திலிருந்து கிளம்பியது. முதலில் வேகமாக, போகப் போக மெதுவாக. எட்டைத் தொட்ட கணம் எல்.இ.டி. அணைந்தது, முள் தொபுக்கென்று பூஜ்யத்தில் விழுந்தது. பன்னிரண்டு வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு எட்டு. இதை நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அன்றுதான் உண்மையாகப் பார்த்தேன். அந்த முள் நகர்கிற ஒவ்வொரு இடத்திலும் அண்ணன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு வோல்ட்டில் குனிந்து அள்ளுகிறான். ஐந்தில் இரண்டாவது அள்ளு. ஏழரையில் ஷவலைப் போடுகிறான். எட்டு. அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் போடச் சொன்னேன். மேடத்துக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது, வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நகம் அகலச் சில்லு. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, மிக்சருக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாது. வெளியே ஒன்று நிரம்புவதை மட்டும் பார்த்துக்கொண்டு, சொன்ன கோடு வருகிற வரைக்கும் பொறுக்கும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதைச் சொல்கிற பொறுப்பு என்னுடையது. அதைத்தான் நான் மேனுவலைப் பார்த்து எழுதியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்குப் போனேன். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி அண்ணன் இடுப்பில் செருகிவிட்டு, அவனை மிக்சருக்குள் இறக்கி, ஸ்டாப்வாட்சோடு ஏணியருகில் நின்றேன். இரண்டு அள்ளு அள்ளி, காலைத் தூக்கி வைத்து, கீழே தரையில் நிற்கிற வரைக்கும். ஒரு தடவை பதினெட்டு நொடி. இன்னொரு தடவை இருபது. படியில் ஈரச் சாம்பல் இருந்தபோது இருபத்தாறு. அண்ணன் அலுத்துக்கொண்டான், தேர்வு எழுத வைக்கிறாயா என்று கேட்டான். முன்னூற்று முப்பது கிலோ ஓம் ரெசிஸ்டரையும் அந்தப் புதுக் கெப்பாசிட்டரையும் போட்டேன். கணக்குப்படி முப்பத்தாறு நொடி. இந்தத் தடவை முதலாளி சுருக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். சில்லின் நாலாவது காலை மைனஸ் கம்பியோடு சேர்த்துவிட்டால் அது எதற்கும் விழிக்காது. ஏணி மாட்டுகிற கொக்கியில் ஒரு ஸ்விட்ச் வைத்து அந்தக் காலோடு இணைத்தேன். ஏணி கொக்கியில் தொங்கினால்தான் சில்லு வேலை செய்யும். ஏணி மிக்சரில் இருந்தால் யார் பட்டனை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. ஹூட்டரை மட்டும் நம்பி ஒரு ஆளை உள்ளே இறக்கக் கூடாது என்று எனக்கு இப்போது தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை. கொக்கி ஸ்விட்சைக் கையால் அமுக்கிப் பிடிக்கச் சொல்லி முதலாளியை நிறுத்தினேன். மோட்டாரின் ஃபியூஸ் கட்டை அண்ணன் இடுப்பில், ஹூட்டருக்கு மட்டும் கரண்டு. அண்ணன் உள்ளே இருந்தான். நான் பட்டனை அமுக்கிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, மிக்சர் தெரிகிற இடத்துக்கு வந்து நின்றேன். அவன் ஒரு அள்ளு அள்ளினான். இன்னொன்று அள்ளினான். ஷவலை இந்தத் தடவை வெளியே எறிந்தான். காலைத் தூக்கி வைத்தான், படிப்படியாக இறங்கினான், கையைத் தட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். ஹூட்டர் அடித்துக்கொண்டே இருந்தது.

"நான்தான் வந்துட்டேனே. இன்னும் எதுக்குக் கத்துது?" என்றான்.

"நீ வந்துட்டியான்னு நான் பாக்கறதுக்கு."

இரண்டு பேரும் ஹூட்டர் ஓய்கிற வரைக்கும் நின்றோம். ஓய்ந்ததும் அவன் இடுப்பிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்து என் கையில் வைத்தான். அது அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது.